மூக்கும் நாக்கும்

என் பெயரைத் தாங்கி இப்படி ஒரு கட்டுரை வெளிவந்திருப்பதைப் பார்த்தால் என் தகப்பனார் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார். பத்திரிகையை நாலாக மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்திருப்பார். அவருடைய கோபம் காலில்தான் இருந்தது, வாயில் இருந்ததில்லை.

அவர் சேலம் ஜில்லாக்காரர். இருபது வயதில் கள்ளுக்கடை மறியலில் நின்று மண்டையில் தழும்பு வாங்கியவர். 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததே, அந்த நாளைப்போல் தமக்கு வாழ்க்கையில் சந்தோஷமான நாள் வேறு கிடையாது என்பார். அம்மாவை வைத்துக்கொண்டே சொல்வார். அம்மாவும், "ஏன், கல்யாண நாள் கணக்கில் இல்லையாக்கும்?" என்று கேட்டதில்லை. அந்தக் காலத்து அம்மாக்கள் அப்படி.

1962-ல் நான் கும்பகோணம் காலேஜுக்குப் புறப்பட்டபோது அவர் என்னைப் பூஜை அறையில் நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "ஒரு சொட்டு மதுவும் என் நாக்கில் படாது." இதுதான் வாசகம். அவர் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அறுபது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. சத்தியம் அப்படியே இருக்கிறது. இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. எனக்கு ஆசை வந்ததே கிடையாது. வராத ஆசையை அடக்குவதில் என்ன சிரமம்?

இப்படிப்பட்டவன் ஒரு புட்டி ஒயினைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் என் சிநேகிதன்.

காலேஜில் அவனும் நானும் ஒரே அறை. அவன் ரசாயனம், நான் சரித்திரம். அவன் 1969-ல் அமெரிக்காவுக்குப் போனவன் அங்கேயே வேலை, வீடு, குழந்தை குட்டி என்று ஊன்றிவிட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சான்பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே, ஸொனோமா ஜில்லாவில் ஸாண்டா ரோஸா என்ற ஊரில் போய்க் குடியேறினான். நான் 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் என் பெண் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தேன். போய் இறங்கிய மூன்றாம் நாள் டெலிபோன் வந்தது.

"எப்போது வருகிறாய்? உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும். உன் மூக்கு வேண்டும்."

"என் மூக்கா? என்ன செய்யப் போகிறாய், வெட்டி ஒட்டிக்கொள்ளப் போகிறாயா?"

"இரவல்தான். ஒரு மணி நேரத்துக்கு. வாயேண்டா, நேரில் சொல்கிறேன்."

போனேன். அவன் சொன்னான்.

2020-ஆம் வருஷம் டிசம்பரில் அவனுக்குக் கொரோனா கண்டது. பத்து நாளில் எழுந்து நடமாடிவிட்டான். ஆனால் வாசனை மட்டும் போய்விட்டது. நிறையப் பேருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுமாம், இவனுக்கு வரவில்லை. காபியில் சூடும் கசப்பும் தெரிகிறது, காபி தெரியவில்லை. ரசத்தில் புளிப்பும் காரமும் தெரிகிறது, ரசம் தெரியவில்லை. "நாக்கு ஒரு மக்கு குமாஸ்தா" என்றான். "தித்திப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாலைந்து ரிஜிஸ்தர் வைத்துக்கொண்டு பதிவு செய்கிறதே தவிர, வந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஆளை அடையாளம் கண்டு உள்ளே அழைத்து வருவதெல்லாம் மூக்குத்தான். போன பிறகுதான் புரிந்தது."

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அவன் எழுந்து போய் ஒரு புட்டியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். புட்டியை மட்டும் ஏதோ தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக நிறுத்தினான்.

"1995-ஆம் வருஷத்து அறுவடை. 1997-ல் நானும் அவளுமாகப் போய் ஒரு பெட்டி வாங்கினோம். பன்னிரண்டு புட்டி. இது பன்னிரண்டாவது."

அவள் என்றால் அவன் சம்சாரம். 2014-ல் காலமாகிவிட்டாள். திருவையாற்றுப் பக்கத்துப் பெண். அமெரிக்காவுக்குப் போய் இருபத்தைந்து வருஷம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, ஐம்பது வயதுக்குமேல், வருஷத்துக்கு ஒரு தடவை அரைத் தம்ளர் என்று ஆரம்பித்தாளாம். குடிப்பதற்காக அல்ல, முகர்வதற்காக என்று அவளே சொல்வாளாம். சாம்பார் கொதிக்கும்போது வாசலிலிருந்தே உப்பு போதவில்லை என்று சொல்லக்கூடிய மூக்கு அவளுடையது. புட்டி திறந்த ஒவ்வொரு தடவையும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். தமிழில்.

நோட்டைப் பிரித்தேன்.

1997: "நாவற்பழம் தின்ற வாய். பல்லெல்லாம் ஊதா."

1999: "அதே நாவற்பழம். பின்னால் மிளகு."

2001: "வாயை மூடிக்கொண்டு விட்டது. யார்மேல் கோபமோ?"

2003: "இன்னும் பேசவில்லை. வெறும் கடுக்காய்."

2005: "ஈரச் சாக்கு. கொட்டிவிட்டோம். சமாதானத்துக்கு அடுத்த வருஷம் இன்னொன்று."

2006: "பேசுகிறது! உலர்ந்த திராட்சை, ஏலக்காய், புதுச் செருப்பு."

இப்படியே போயிற்று. நான் மேலே படிக்குமுன் அவன் நோட்டை மூடி வைத்தான். "மீதி அப்புறம். முதலில் இது பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு வருவோம். ஊர் பார்க்காமல் பெண் பார்க்கக் கூடாது."

மறுநாள் காலையில் காரில் புறப்பட்டோம். ஹீல்ட்ஸ்பர்க் என்ற சிற்றூரைத் தாண்டினால் ட்ரை கிரீக் பள்ளத்தாக்கு. அதில் ஒரு பழைய தோட்டம். யாருடையது என்பது நமக்கு வேண்டாம். திராட்சைத் தோட்டம் என்றதும் கம்பம் பக்கத்தில் பந்தல் போட்டுப் படர விட்டிருக்கிறார்களே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு கொடியும் இடுப்பளவு உயரத்தில் தனித்தனியாக, கறுத்து முறுக்கிய அடிமரத்தோடு, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கிழவனைப்போல் நின்றது. கொடி என்று சொல்லவே வாய் வரவில்லை. நூறு வயதைத் தாண்டியவையாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இந்தப் பக்கங்களில் இப்படி நட்டார்கள்.

நட்டவர்கள் ஒரே ஜாதித் திராட்சையை நடவில்லை. பெரும்பாலும் ஜின்ஃபண்டெல். அதனிடையே கரிஞான், பெட்டிட் சிரா, மட்டாரோ, அலிகாண்டே பூஷே என்று இரண்டும் மூன்றுமாகக் கலந்து நட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கேழ்வரகோடு அவரையும் துவரையும் ஊடுபயிர் விடுவதில்லையா, அந்தப் புத்திதான். ஒன்று பொய்த்தால் ஒன்று கை கொடுக்கும். ஜின்ஃபண்டெல் பழம் மணக்கும், ஆனால் ஒரே குலையில் ஒரு காய் பச்சையாக இருக்கும், ஒரு பழம் வெயிலில் சுருங்கி உலர் திராட்சையாகவே ஆகியிருக்கும். அதன் அசட்டுத் தித்திப்பைச் சமன் செய்யக் கரிஞானின் புளிப்பு. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் பெட்டிட் சிரா. அலிகாண்டே பூஷேவைக் கிள்ளிப் பார்த்தேன். மற்றக் கறுப்புத் திராட்சைக்குத் தோலில்தான் சாயம், உள்ளே சதை வெளுப்பு. இதற்குச் சதையே ரத்தம் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தே பறித்து, சேர்த்தே புளிக்க வைத்துவிடுவார்கள். இதைத்தான் வயல் கலவை என்கிறார்கள்.

"வயதான கொடி காய்ப்பது குறைச்சல். லாபக் கணக்குப் பார்த்தால் பிடுங்கி எறிய வேண்டியதுதான்" என்றான் சிநேகிதன். "நிறையப் பேர் எறிந்தும் விட்டார்கள். மிச்சம் இருப்பதைக் கணக்கெடுத்துக் காப்பாற்றுவதற்கென்று 2011-ல் ஒரு சங்கமே ஏற்பட்டது. ஐம்பது வயதாவது ஆன தோட்டமாக இருந்தால்தான் அவர்கள் பட்டியலில் இடம்."

இந்தக் கொடிகள் பிழைத்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரையில் மதுவிலக்கு. ஒயின் செய்து விற்கிறவர்கள் கடையை மூடினார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டு உபயோகத்துக்கு வருஷத்தில் 200 காலன் வரையில் பழரசம் செய்துகொள்ளலாம். பழரசம் தானாகவே புளித்துப் போனால் யார் என்ன செய்ய முடியும்? கிழக்குச் சீமையில் இருந்த இத்தாலியக் குடும்பங்களுக்கு ரயில் ரயிலாகத் திராட்சை போயிற்று. தடித்த தோலும் அடங்காத சாயமும் உள்ள அலிகாண்டேக்கு அப்போது ஏக கிராக்கி. ஆகவே மதுவிலக்கினால் அழிந்திருக்க வேண்டிய சில தோட்டங்கள் மதுவிலக்கினாலேயே உயிர் வாழ்ந்தன. அங்கே 1933-ல் கைவிட்டதை நாங்கள் 1937-ல் சேலத்தில் கையில் எடுத்தோம் என்று நான் சொன்னேன். "உன் அப்பா இந்தக் கொடிகளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டான். "மரம் நன்றாக இருக்கிறது, பழத்தைப் பழமாகவே தின்னுங்கள் என்றிருப்பார்" என்றேன். பிறகு இருவரும் பழத்தைப் பழமாகவே தின்றோம். என் பல்லெல்லாம் ஊதாவாயிற்று. அவன் என் வாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நோட்டில் இருந்த முதல் வரி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வரும் வழியில் அவனுடைய ரசாயனம் விழித்துக்கொண்டது.

பழைய சாராயத்துக்குப் போதை ஏறும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டே, ஒயின் விஷயத்தில் அது சுத்தத் தப்பு. மூடிய புட்டிக்குள் போதைச் சத்து அப்படியே இருக்கும், ஏறாது. மாறுவது வேறு. திராட்சைத் தோலிலிருந்து வந்த சாயமும், தோலிலும் விதையிலும் இருந்து வந்த துவர்ப்பும் ஆரம்பத்தில் தனித்தனியே திரிகின்றன. அதனால்தான் புது ஒயின் ஊதாவாக இருக்கிறது, வாயைப் பிடித்து இழுக்கிறது. நாளாக ஆக இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய பெரிய சங்கிலிகளாகின்றன. அவை கனத்துப்போய் அடியில் வண்டலாகப் படிகின்றன. போன சாயம் போக மீந்தது ஊதாவிலிருந்து மாதுளை நிறமாகும், மாதுளையிலிருந்து செங்கல் நிறமாகும், கடைசியில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். துவர்ப்பும் தணிகிறது.

"நம் வீட்டுப் பழம்புளி மாதிரி" என்றேன்.

"அதேதான். புதுப்புளி சிவப்பு, பழம்புளி கறுப்பு. பழம்புளியை வைத்தியர் எதற்குக் கேட்கிறார்? பல்லைக் கூச வைக்கும் முரட்டுத்தனம் போயிருக்கும்."

இதில் காற்றுக்கும் வேலை உண்டு. பாஸ்டியர் 1866-ல் ஒயினைப் பற்றி எழுதிய புத்தகத்தில், கண்ணாடிக் குழாய்களில் ஒயினை அடைத்து, சிலவற்றில் காற்று விட்டும் சிலவற்றில் விடாமலும் மூடி வைத்துப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். காற்றே படாதது வெகு காலம் புதிது போலவே இருந்தது. காற்றோடு இருந்தது சீக்கிரமே கிழடு தட்டி, வண்டலும் தள்ளிற்று. புட்டியில் இருக்கும் கார்க்கு, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் உரிப்பார்கள்; மரம் மறுபடி பட்டை கட்டிக்கொள்ளும். அந்தக் கார்க்கு காற்றை முழுக்கவும் தடுப்பதில்லை, முழுக்கவும் விடுவதுமில்லை. கஞ்சப் பிரபு தர்மம் செய்வதுபோல் வருஷத்துக்கு எள்ளளவு விடுகிறது. அந்த எள்ளளவில்தான் இத்தனை மாறுதலும் நடக்கின்றன. சில சமயம் கார்க்கிலேயே ஒரு பூஞ்சைக் கோளாறு இருந்துவிடும். அப்போது உள்ளே இருப்பது ஈரச் சாக்கு நாறும். அதற்குப் பரிகாரமே கிடையாது. 2005-ல் இவர்கள் கொட்டியது அப்படித்தான்.

"ஆனால் ஒன்று" என்றான். "வைத்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்று நினைக்காதே. உலகத்தில் செய்கிற ஒயினில் பெரும்பகுதி, வாங்கிய ஓரிரு வருஷத்தில் குடித்துவிட வேண்டியது. வைத்தால் கெட்டுத்தான் போகும். புளிப்பும் துவர்ப்பும் பழச் சத்தும் மூன்றும் நிறைய இருந்தால்தான் தாங்கும். இந்தக் கலவையில் ஜின்ஃபண்டெல்லின் பழவாசனைதான் முதலில் விடை பெற்றுக்கொள்ளும். பெட்டிட் சிராவின் துவர்ப்பு நின்று தாங்கும். ஆரம்பத்தில் ஐந்து பேரும் ஐந்து குரலில் பேசுவார்கள். நடுவில் கொஞ்ச வருஷம் யாருமே பேச மாட்டார்கள். ஏன் என்று எனக்கு இத்தனை ரசாயனம் படித்தும் தெரியாது. அப்புறம் பேசும்போது ஒரே குரலாகப் பேசுவார்கள்."

நடுவில் பேசாத வருஷங்கள் எந்தக் குடும்பத்தில் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

அன்று மாலை புட்டியைத் திறந்தான். வண்டல் அடியில் இறங்குவதற்காக முதல் நாளே நிமிர்த்தி வைத்திருந்தான் அல்லவா? பழைய கார்க்குக்குத் திருகாணி ஆகாது, பொடியாகிவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள ஒரு சாமானைப் பக்கவாட்டில் செருகி, அசைத்து அசைத்து உருவினான். அப்படியும் பாதி உதிர்ந்தது. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்து, புட்டியின் கழுத்து அதன் வெளிச்சத்தில் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கூஜாவில் சிறுகச் சிறுக ஊற்றினான். கழுத்தில் புகைபோல் வண்டல் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். எழுபத்தெட்டு வயதுக் கை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஊற்றும்போதே பேசினான். "2017 அக்டோபரில் காட்டுத் தீ வந்து இந்த ஊரில் ஒரு பகுதிக்கு நெருப்பு வைத்ததே, கேள்விப்பட்டிருப்பாய். 5,000-த்துக்குமேல் கட்டடங்கள் போயின. நடு ராத்திரியில் போலீஸ்காரன் கதவை இடித்து ஐந்து நிமிஷத்தில் கிளம்பு என்றான். அவள் படம், பாஸ்போர்ட்டு, இந்த நோட்டு, மீதி இருந்த இரண்டு புட்டி, இவ்வளவுதான் எடுத்தேன். பீரோவில் இருந்த பணம்கூட ஞாபகம் வரவில்லை. காலையில் வந்து பார்த்தால் எங்கள் தெரு தப்பியிருந்தது. அடுத்த வருஷம் ஒன்றைத் திறந்தேன். தனியாக."

நோட்டைப் பிரித்து மீதி வரிகளைக் காட்டினான்.

2008: "அடுப்பங்கரைச் சுவர். உலர்ந்த அத்தி."

2010: "ஊதா போய்விட்டது. மாதுளை முத்து."

2012: "அப்பாவின் பொடி டப்பி."

2013: "பழம்புளிப் பானை. ரொம்ப நன்றாக இருக்கிறது. இனிமேல் காத்திருக்க வேண்டாம்."

அதுதான் அவள் எழுதிய கடைசி வரி. அதற்குக் கீழே அவன் கையெழுத்தில், 2018: "நன்றாக இருந்தது."

"பார்த்தாயா?" என்றான். "எனக்கு அவ்வளவுதான் வரும். அவள்தான் எனக்கு வாசனை சொல்வாள். அவள் சொன்னால் எனக்கும் தெரியும், சொல்லாவிட்டால் தெரியாது. காத்திருக்காதே என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். கடைசியாக ஒன்று இருக்கட்டும், இருக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். மூக்கே போய்விட்டது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு நாக்கு இருக்கிறது, மூக்கு இல்லை. உனக்கு மூக்கு இருக்கிறது, நாக்கு உன் அப்பாவிடம் அடகில் இருக்கிறது. குருடனும் நொண்டியும் சேர்ந்து ஊர் போய்ச் சேர்ந்த கதையாக இதை நடத்துவோம். நீ முகர்ந்து சொல். நான் குடிக்கிறேன். நீ எழுத்தாளன், கடைசி வரியை நீதான் எழுத வேண்டும்."

சத்தியத்தின் வாசகத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நாக்கு என்றுதான் இருந்தது. தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

நிறம் முதலில். நடுவில் பழைய செங்கல். ஓரத்தில், தம்ளரைச் சாய்த்தால், ஆறிப்போன டிகாக்ஷன். ஊதா மருந்துக்குக்கூட இல்லை. முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடைதான் வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துச் சரக்கு; செத்துப் போயிருந்தால் நான் என்ன சொல்வேன்?

பத்து நிமிஷம் கழித்து மறுபடி முகர்ந்தேன். பூட்டிய வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்திருந்தார்கள். சொன்னேன், ஒவ்வொன்றாக: "பாட்டியின் தகரப் பெட்டி. அதற்குள் பட்டுப்புடவை மடிப்பு. தேயிலைத் தூள். உலர்ந்த அத்திப்பழம், ஆனால் தித்திப்பு இல்லாமல். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கொல்லையில் மக்கிய மாவிலை. அடியில் லேசாகப் புகையிலை..." அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "ஊம், ஊம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். துவர்ப்பு எப்படி என்று நான் கேட்டேன். "பட்டு மாதிரி. இருக்கிறது, ஆனால் இழுக்கவில்லை" என்றான். இப்படி இரண்டு கிழவர்கள் ஒரே தம்ளரை ஆளுக்குப் பாதியாக அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று கண்ணைத் திறந்தான். "நாவற்பழம் இருக்கிறதா?"

என் தொழில் என்ன என்று வாசகர்களுக்குத் தெரியும். நடக்காததை நடந்ததாக எழுதி ஐம்பது வருஷம் சோறு தின்றிருக்கிறேன். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்? தனியாக இருக்கிறான். அவளுடைய முதல் வரியைத்தான் கேட்கிறான். ஆம் என்றால் அந்த முகம் எப்படி மலரும் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. அதைச் சரிபார்க்க அவனிடம் மூக்கும் இல்லை. அதனாலேயே பொய் சொல்ல வாய் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மூக்கு இல்லாதவனிடம் வாசனையைப் பற்றிப் பொய் சொல்வது, கண் இல்லாதவன் தட்டில் செல்லாக்காசு போடுவது போல.

தம்ளரை எடுத்து, நன்றாக, நெடுநேரம் முகர்ந்தேன். பிறகு சொன்னேன்:

"இல்லைடா. நாவற்பழம் இல்லை."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுவத்தியை ஊதி அணைத்தான். சற்று நேரம் கழித்து, "சரி" என்றான். "இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால், நீ இதுவரை சொன்ன தகரப் பெட்டியையும் தேயிலையையும் நான் நம்பியிருக்க மாட்டேன். அது 2010-லேயே போய்விட்டது, அவளே எழுதியிருக்கிறாளே. உன்னைச் சோதிக்கத்தான் கேட்டேன்." பிறகு குரல் தணிந்து, "சோதிக்க மட்டும் கேட்கவில்லை" என்றான்.

ஒரு மணி நேரத்துக்குள் தம்ளரில் வாசனை மெலிந்துபோயிற்று. கிழட்டு ஒயினுக்குக் காற்றில் நெடுநேரம் நிற்கச் சக்தி இல்லையாம். அவன் தன் பங்கை முடித்தான். கூஜாவில் மிச்சம் இருந்ததை இன்னொரு தம்ளரில் ஊற்றி அவள் படத்துக்கு எதிரில் வைத்தான். புட்டியின் அடி வண்டலைக் கொல்லையில் ரோஜாத் தொட்டியில் கவிழ்த்தான். நான் நோட்டை எடுத்து 2023 என்று போட்டு எழுதினேன்:

"பாட்டியின் தகரப் பெட்டி, தேயிலை, மக்கிய மாவிலை. நாவற்பழம் இல்லை. ரொம்ப நன்றாக இருந்தது; காத்திருந்தது தப்பில்லை."

கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு வாசனை ஆதாரம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளனுக்கு அந்த மட்டும் சலுகை வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு சங்கடம் பிடித்துக்கொண்டது. சிறு வயதில் சுவாமிக்குத் தொடுத்து வைத்த பூவை நான் முகர்ந்துவிட்டால் பாட்டி அந்த மாலையையே எறிந்துவிடுவாள். முகர்ந்தால் அனுபவித்ததாகிவிட்டது, எச்சில்தான் என்பாள். திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்த ராணியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்த கதையையும் சொல்வாள். பாட்டியின் சட்டப்படி பார்த்தால் என் சத்தியம் அன்று மாலையே பங்கமாகிவிட்டது. அப்பாவின் வாசகப்படி பார்த்தால் ஆகவில்லை. எந்தக் கோர்ட்டில் தீர்ப்புக் கேட்பது என்று சிநேகிதனுக்கே டெலிபோன் செய்தேன்.

"உன் அப்பா இருந்தால் என்ன செய்திருப்பார்?" என்று கேட்டான்.

"துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போயிருப்பார்."

"போகட்டும். திரும்பி வரும்போது கோபம் தணிந்திருக்கும். உன் அப்பாவை எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு, சமையலறையில் ஏதோ அடிப்பிடிக்கிறது போலிருக்கிறது, புகை கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டான்.